கொப்பு இறக்கும் கயிறு: முடிச்சில் அறுவதும் பின்னலில் நிற்பதும்

கன்னியாகுமரி மாவட்டத்தில் களியக்காவிளையிலிருந்து குலசேகரம் வரைக்கும் எங்கள் பக்கத்தில் வீட்டடி மரத்தை முறிப்பது என்றால் மூட்டில், அதாவது மரத்தின் அடியில், வாளை வைத்துச் சாய்ப்பது கிடையாது. சாய்க்க இடம் வேண்டுமே. பத்து சென்ட் விளையில் ஒரு பிலா (பலா), ஒரு அயினி, இரண்டு மாமரம், நாலு தென்னை நிற்கும். அவற்றின் அடியிலேயே ஓட்டு வீடு, கிணறு, பக்கத்து வீட்டு மதில், குறுக்கே கரண்டு கம்பி. ஆகவே மேலிருந்து கீழாக, முதலில் கொப்பு கொப்பாக, அப்புறம் தடியை, அதாவது நடுமரத்தை, துண்டு துண்டாகக் கயிற்றில் கட்டித்தான் இறக்க வேண்டும். கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் இதே நிலைதான். எங்கள் ஆட்கள் அங்கே போவார்கள், அங்குள்ளவர்கள் இங்கே வருவார்கள். பேச்சு கலந்தே இருக்கும், வேலை ஒன்றுதான்.

நான் மரம் ஏறுகிறவன் இல்லை. கீழே நின்று கயிறு பிடிக்கிறவன். மேலே இருப்பவர் வாளை நிறுத்திவிட்டு "விடு" என்று சொன்ன நொடியிலிருந்து அந்தக் கொப்பு என் பொறுப்பு. அதனால் வாளைவிடக் கயிற்றைப் பற்றித்தான் அதிகம் யோசித்திருக்கிறேன்.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் எங்கள் மாவட்டத்தைப் புரட்டிப் போட்டபோது ரப்பரும் தென்னையும் வாழையும் வகைதொகை இல்லாமல் விழுந்தன. கடலுக்குப் போனவர்கள் பலர் திரும்பவில்லை. கரையில் எங்களுக்கு மாதக்கணக்கில் மரம் அகற்றும் வேலைதான். அந்த நாட்களில் குழுவுக்குக் குழு மோட்டார் வாள் வந்தது. எங்கள் குழுவிலும் இரண்டு வாங்கினோம். ஆனால் கயிறு மட்டும் பழையபடியே இருந்தது. கடையில் கிலோக் கணக்கில் தூக்கிப் போடும் நீலக் கயிறு, நுனியில் ஒரு முடிச்சு, கிணற்றுக் கப்பி ஒன்று. வாளுக்குப் பல ஆயிரம் கொடுத்தவர்களுக்குக் கயிற்றுக்கு ஆயிரம் கொடுக்க மனம் வரவில்லை. எனக்கும் அப்போது வரவில்லை.

அதற்கு இரண்டு மழைக்காலம் கழித்து ஒரு வீட்டில் பிலாக் கொப்பு இறக்கினோம். அடுக்களைக் கூரைக்கு நேர் மேலே நீண்டிருந்த கொப்பு, கை கொள்ளாத பருமன். வெட்டு முடிந்ததும் கொப்பு ஓர் ஆள் உயரம் விழுந்து கயிற்றைச் சுண்டியது. பட்டென்று ஒரு சத்தம். கொப்பு கூரையைப் பிளந்துகொண்டு உள்ளே போனது. வீட்டுக்கார அக்கா அந்த நேரம் கிணற்றடியில் இருந்ததால் உயிர்ச் சேதம் இல்லை. அறுந்த கயிற்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன். முடிச்சு குலையாமல் அப்படியே இருந்தது. கயிறு முடிச்சுக்குள் நுழைகிற வாயில்தான் வெட்டியது போல அறுந்திருந்தது. அன்றைக்கு எனக்குள் விழுந்த கேள்விதான் இந்தக் கட்டுரை: ஏன் எப்போதும் முடிச்சின் வாயில் அறுகிறது?

விடை கயிற்றின் உடம்பிலேயே இருக்கிறது. நம் பக்கத்துக் கயிற்றைப் புரிந்துகொள்ளக் கதம்பையிலிருந்து (தேங்காய் மட்டையிலிருந்து) தொடங்குவதே எளிது. தேங்காயின் கதம்பையைக் காயலிலோ குளத்திலோ பல மாதம் அழுகப் போட்டு, அடித்து, நாரைப் பிரித்தெடுக்கிறார்கள். ஒரு நார் ஒரு முழ நீளம்கூட இருக்காது. அதை முறுக்கிச் சரடாக்குகிறார்கள். பல சரடுகளைச் சேர்த்து எதிர்ப்பக்கம் முறுக்கினால் பிரி. மூன்று பிரிகளை மறுபடி எதிர்ப்பக்கம் முறுக்கினால் கயிறு. சரடு ஒரு பக்கம் அவிழப் பார்க்கும், பிரி மறுபக்கம் அவிழப் பார்க்கும். ஒன்றை ஒன்று அவிழ விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் இந்த மல்லுக்கட்டுதான் கயிறு. பசை கிடையாது, ஆணி கிடையாது. முழம்கூட இல்லாத நார்கள் நூறு முழக் கயிறாக நிற்பது உராய்வால் மட்டும்தான். இழுக்க இழுக்கப் பிரிகள் ஒன்றையொன்று நெரிக்கும், பிடி இறுகும்.

நைலான் கயிற்றில் இழை நீளமானது; பொருள் வேறு. ஆனால் மூன்று பிரி முறுக்குக் கயிறு என்றால் அமைப்பு இதேதான்.

நேராக இழுத்தால் எல்லாப் பிரியும் ஏறக்குறைய சமமாகப் பாரம் தாங்கும். வளைத்தால் அந்தச் சமம் கெடும். வளைவின் வெளிப்பக்க இழைகள் நீண்டு அவையே பாரத்தின் பெரும்பகுதியைச் சுமக்கும். உள்பக்க இழைகள் தளர்ந்து கிடக்கும். வளைவு எவ்வளவு குறுகலோ அவ்வளவு மோசம். முடிச்சு என்பது கயிறு தன் உடம்பையே சுற்றி வளைவது. அதைவிடக் குறுகலான வளைவு இருக்க முடியாது. போதாததற்கு அந்த இடத்தில் இன்னொரு சுற்று மேலே நெரிக்கிறது, பாரம் ஏறும்போது ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிச் சூடும் பிறக்கிறது. அதனால்தான் பாரம் முதலில் வந்து மோதும் வாயில் கயிறு போகிறது. முடிச்சுக்கு முடிச்சு கணக்கு மாறும். பொதுவாகக் கயிற்றின் பலத்தில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரைக்கும் முடிச்சு தின்றுவிடும். நுனியில் வளையம் போட உதவும், நல்ல பெயருள்ள போலைன் முடிச்சிலேயே மூன்றில் ஒரு பங்கு போய்விடும்.

இதற்கு மாற்று, முடிச்சே போடாமல் கயிற்றின் பிரிகளை அவிழ்த்து அதே கயிற்றின் உடம்புக்குள் பின்னிவிடுவது. ஸ்பிளைஸ் என்று சொல்வார்கள். இப்படி நுனியில் வளையமாகப் பின்னுவதைக் கண்ணி என்போம். சரியாகப் பின்னிய கண்ணியில் கயிற்றின் பலத்தில் 90 சதவீதத்துக்கு மேல் நிற்கும். காரணம் எளியது. குறுகலான வளைவு எங்கும் இல்லை. பிரிகள் தங்கள் இயல்பான சாய்விலேயே கிடக்கின்றன. பாரம் ஓரிடத்தில் மோதாமல் ஒரு சாண் நீளத்துக்குப் பரவி இறங்குகிறது. கயிற்றை உண்டாக்கிய அதே உராய்வுதான் பின்னலையும் பிடிக்கிறது.

இதை நான் எந்த மரவேலைக்காரரிடமும் கற்கவில்லை. தேங்காய்ப்பட்டணத்துக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊரில் வள்ளம் வைத்திருக்கும் பெரியவர் ஒருவர்தான் சொல்லிக் கொடுத்தார். கட்டுமரம் என்ற பெயரிலேயே கட்டு இருக்கிறது. கட்டைகளைக் கயிற்றால் பிணைத்துக் கடலில் இறக்கி, கரைக்கு வந்ததும் அவிழ்த்துக் காயப்போட்ட வம்சம். நங்கூரக் கயிற்றில் முடிச்சுப் போட்டு நடுக்கடலில் நிற்க அவர்கள் துணிய மாட்டார்கள். அதனால் அவர்கள் கையில் பின்னல் தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. மார்த்தாண்டத்திலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடும் தூரத்தில் இந்தக் கைவேலை இருக்க, மேட்டில் நாங்கள் முடிச்சுப் போட்டுக் கூரையை உடைத்துக்கொண்டிருந்தோம். எனக்கு இன்றும் தாங்காத விஷயம் இதுதான்.

அவர் செய்ததை அருகிலிருந்து பார்த்தபடி சொல்கிறேன். 12 மில்லி மூன்று பிரி நைலான் கயிறு. நுனியிலிருந்து ஒன்றரைச் சாண் நீளத்துக்குப் பிரித்தார். அதற்குக் கீழே பிரியாதபடி நூலால் இறுக்கிக் கட்டினார். ஒவ்வொரு பிரியின் நுனியையும் தீக்குச்சியால் உருக்கி, எச்சில் தொட்ட விரலால் உருட்டிக் கூராக்கினார். பிறகு தேவையான அளவுக்குக் கண்ணியை வளைத்து, நடுப்பிரியைக் கயிற்றின் உடம்பில் ஒரு பிரிக்கு அடியில் விட்டார். அடியில் வழி உண்டாக்கக் கைபட்டு மினுங்கிய கூர்முனை மரக்குச்சி ஒன்று வைத்திருந்தார். இடப்பக்கப் பிரி அடுத்ததாக, முதலில் எடுத்த பிரிக்கு மேலே தாண்டி, அதற்கு இடப்பக்கமுள்ள பிரிக்கு அடியில் போனது. அப்புறம் கயிற்றைப் புரட்டிப் போட்டு என்னிடம் தந்தார்: மூன்றாவதை நீ விடு.

நான் இடமிருந்து வலமாக விட்டேன். கையைத் தட்டிவிட்டார்.

"மக்கா, மூணும் ஒரே பக்கமாட்டுத்தான் போணும். வலத்திருந்து இடத்துக்கு. இத மாத்தினா பின்னலு இருக்கும், பிடி இருக்காது."

"சரி மாமா" என்று உருவி மறுபடி விட்டேன். இப்போது பார்த்தால் மூன்று பிரியும் ஒரே மட்டத்தில், ஒவ்வோர் இடுக்கிலும் ஒன்றாக, மூன்று திசையில் வெளியே வந்து நின்றன. அந்த முதல் சுற்று சரியாக வந்துவிட்டால் மிச்சமெல்லாம் திரும்பச் செய்வதுதான். ஒன்றின் மேலே, அடுத்ததன் அடியே, மறுபடி ஒன்றின் மேலே, அடுத்ததன் அடியே. ஒவ்வொரு முறையும் பிரியை இழுக்கும்போது அதன் முறுக்கை விடாமல் விரலால் திருகிக்கொண்டே இழுக்க வேண்டும். முறுக்கு போனால் பிரி நாடா போலத் தட்டையாகிவிடும், பாரம் சமமாக ஏறாது.

நார்க்கயிற்றில் மூன்று சுற்று போதும், சொரசொரப்பு பிடித்துக்கொள்ளும். நைலான் வழுக்கும், குறைந்தது ஐந்து சுற்று வேண்டும். அதற்கப்புறமும் பிரியில் மூன்றில் ஒரு பங்கு இழையை வெட்டிவிட்டு இன்னொரு சுற்று, மறுபடி குறைத்து இன்னொன்று என்று மெலிய விட்டால், பின்னல் எலிவால் போல முடியும். கொப்பின் கவட்டையில் தட்டாமல் ஓடும். கடைசியில் பின்னலைப் பலகைமேல் வைத்துக் காலால் உருட்டினார். மிச்ச நுனிகளை ஒட்ட வெட்டவில்லை. ஒரு விரற்கடை விட்டார். முதல் பாரத்தில் பின்னல் சற்று உள்ளே இழுக்கும், ஒட்ட வெட்டியிருந்தால் நுனி உள்ளே போய் அவிழத் தொடங்கும்.

கண்ணியின் அளவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கண்ணி எதன்மேல் மாட்டப்படுகிறதோ அதன் விட்டத்தைப்போல மூன்று மடங்காவது நீளம் இருக்க வேண்டும். ஐந்து இருந்தால் நல்லது. குட்டையான கண்ணியைத் தடித்த கொப்பில் திணித்தால் அதன் கழுத்து அகலப் பிளந்து, பாரம் பின்னலைக் கிழிக்கப் பார்க்கும். இரும்புச் சாக்கிள் (குறுக்கு ஆணியால் வாய் மூடும் வளையம்) நிரந்தரமாக மாட்டும் கண்ணி என்றால் உள்ளே திம்பிள் என்ற இரும்புத் தொட்டி வளையத்தை வைத்தே பின்ன வேண்டும்.

கடலில் நங்கூரக் கயிற்றுக்கு வரும் பாரம் ஏறியிறங்கி வரும். மரத்தில் வருவது வேறு, ஒரே சுண்டு. 50 கிலோ கொப்பு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மீட்டர் சும்மா விழுந்து, பிறகு கயிறு கால் மீட்டர் நீண்டு அதை நிறுத்துகிறது என்று வைப்போம். அந்தக் கால் மீட்டரில் கயிறு தாங்கும் சராசரி இழுப்பு 50 கிலோ இல்லை, 250 கிலோ. கயிறு ரப்பர்போல நீளும்போது இழுப்பு கடைசியில்தான் உச்சத்துக்குப் போகும், அந்த உச்சம் 500 கிலோவை எட்டும். கொப்புக்கு மேலே கப்பி கட்டி அதன் வழியாகக் கயிற்றை இறக்கியிருந்தால், கப்பியின் இரண்டு பக்கமும் கயிறு இழுக்கிறது. கப்பியைக் கட்டிய இடத்தில் விழுவது கிட்டத்தட்ட 1000 கிலோ. ஓர் ஆள் தோளில் தூக்கிப்போகக்கூடிய கொப்பு ஒரு டன் ஆகிறது. 12 மில்லி புது பாலிபுரொப்பிலீன் கயிறு, அதாவது எங்கள் நீலக் கயிறு, 2000 கிலோ அளவில்தான் அறும். முடிச்சுக்கு மூன்றில் ஒரு பங்கு போனது. வெயிலில் வெளுத்ததற்கு இன்னும் போனது. எங்கள் பிலாக் கொப்பு 50 கிலோவும் இல்லை, அதைப்போல மூன்று நாலு மடங்கு இருந்திருக்கும். கணக்குப் போட்டபோது, அறுந்தது ஆச்சரியம் இல்லை, அதுவரை அறாமல் இருந்ததுதான் ஆச்சரியம் என்று தெரிந்தது.

அதே கணக்கில் தப்பிக்கும் வழியும் இருக்கிறது. கால் மீட்டரில் நிறுத்தாமல் மூன்று மீட்டர் ஓடவிட்டு மெல்ல நிறுத்தினால் சராசரி இழுப்பு 250 கிலோவிலிருந்து 67 கிலோவுக்கு இறங்கிவிடும். கீழே கயிறு பிடிக்கிறவனின் வேலையே இதுதான். இறுகப் பிடிப்பது பலம்போலத் தோன்றும், ஆனால் கயிற்றைக் கொல்வது அந்தப் பிடிதான்.

ஓடவிடுவதற்குக் கை மட்டும் போதாது. மூட்டில் கயிற்றைச் சுற்ற வேண்டும். சுற்றின் கணக்கு கூட்டல் இல்லை, பெருக்கல். ஒரு சுற்று உங்கள் பிடியை 5 மடங்காக்கும் என்றால் இரண்டு சுற்று 25 மடங்கு, மூன்று சுற்று 125 மடங்கு. 18ஆம் நூற்றாண்டிலேயே ஆய்லர் என்ற கணித மேதை எழுதிவைத்த உறவு இது. மரத்தின் பருமன் கணக்கில் வராது, எத்தனை சுற்று, எவ்வளவு உராய்வு என்பது மட்டும்தான். ஆகவே சிறு கொப்புக்கு ஒரு சுற்று, தடிக்கு இரண்டு. பயந்து மூன்று நாலு சுற்றினால் கயிறு ஓடவே ஓடாது, மறுபடி அதே சுண்டு.

இந்தச் சுற்றின் அருமையை நன்றாக அறிந்தவர்கள் எல்லைக்கு அப்பால் கேரளத்தின் பேப்பூர் கலாசிகள். மர உருளையில் வடத்தைச் சுற்றி, கப்பி கோர்த்து, உரு என்ற பெரிய மரக்கப்பல்களைக் கடலில் இறக்கிய தொழிலாளர்கள். 1988 ஜூலை 8 அன்று கன்னியாகுமரிக்கு வந்துகொண்டிருந்த ஐலண்ட் எக்ஸ்பிரஸ் பெருமண் பாலத்தில் அஷ்டமுடிக் காயலுக்குள் விழுந்தபோது, பெட்டிகளை வெளியே எடுக்க அவர்களும் வந்தார்கள். எங்கள் ஊரில் அந்த விபத்தைப் பேசும் பெரியவர்கள் இன்றும் கலாசிகளின் கயிற்றைச் சொல்லாமல் முடிப்பதில்லை.

சரி, எங்கள் குழு என்ன மாற்றியது? கிணற்றுக் கப்பியைத் தூக்கிப் போட்டோம். அது வார்ப்பிரும்பு, குடம் தண்ணீருக்குச் செய்தது. சுண்டினால் வளையாது, உடையும். அதன் கொக்கி வாய் திறந்தே இருக்கும். பதிலாக, பக்கத் தகடு மூடும் எஃகுக் கப்பி. அதை மரத்தில் கட்ட 20 மில்லி நைலானில் ஒரு முனையில் மட்டும் கண்ணி பின்னி, மறுமுனையை இரண்டு ஆள் நீளத்துக்கு வெறுமனே விட்ட கயிறு. கண்ணியில் கப்பியைக் கோர்த்து, வெறும் முனையை மரத்தைச் சுற்றித் தன்மேலேயே நாலைந்து முறை முறுக்கிவிட்டால் போதும். பாரம் ஏற ஏற இறுகும், இறக்கினதும் கையால் அவிழும். மரப்பட்டையில் சுற்றிய வளைவு அகலமானது என்பதால் பலமும் அதிகம் போகாது. இறக்கும் கயிற்றின் நுனியிலும் கண்ணி பின்னிச் சாக்கிள் மாட்டினோம். கொப்பைச் சுற்றுவதற்கு 18 மில்லியில் முனையோடு முனை பின்னிச் சேர்த்த வளையங்கள். மெல்லிய கயிற்றில் முடிச்சு விழுந்த இடத்தில் இப்போது தடித்த வளையம் நெரிபடுகிறது. முடிச்சே இல்லாமல் இந்த வேலை நடக்காது. முடிச்சு வரும் இடத்தில் தடித்த கயிறு வரட்டும், மெல்லிய கயிறு வரும் இடத்தில் பின்னல் வரட்டும் என்று பிரித்துக்கொண்டோம், அவ்வளவுதான்.

தென்னையில்தான் இந்தச் சாமான்களுக்கு உண்மையான சோதனை. அதில் கொப்பு கிடையாது, வெட்டும் துண்டுக்கு மேலே கப்பி கட்ட இடமே இல்லை. வெட்டுக்குக் கீழே தடியிலேயே கட்ட வேண்டும். துண்டு கப்பிக்கு மேலிருந்து புரண்டு, கப்பியைத் தாண்டிக் கீழே விழுந்த பிறகுதான் கயிறு இறுகும். ஏறியிருப்பவர் அதே தடியில் கட்டிக்கொண்டு நிற்கிறார். தடி ஆடும்போது அவரும் ஆடுகிறார். அங்கே துண்டைச் சிறிதாக வெட்டுவதைத் தவிர வேறு புத்திசாலித்தனம் எதுவும் இல்லை.

கயிறு வாங்கும்போது ஒரு விஷயம். எங்கள் பக்கத்தில் பிளாஸ்டிக் கயிறு எல்லாமே நைலான்தான், பேச்சில். கடைக்காரரும் அப்படியே சொல்வார். துண்டு ஒன்றைத் தண்ணீரில் போட்டால் தெரிந்துவிடும். மிதந்தால் பாலிபுரொப்பிலீன் அல்லது அதன் கூட்டாளி; நைலானும் பாலியெஸ்டரும் மூழ்கும். மிதக்கும் கயிறு வெயிலில் சீக்கிரம் நொறுங்கும், 165 டிகிரிக்குள் உருகிவிடும். மூட்டில் சுற்றி வேகமாக ஓடவிட்டால் உருகிய பளபளப்பு கயிற்றின்மேல் படிந்திருப்பதைப் பார்க்கலாம். நைலான் 220 டிகிரிக்கு மேல்தான் உருகும், நன்றாக நீண்டு சுண்டலை வாங்கிக்கொள்ளும். ஆனால் நனைந்தால் பத்தில் ஒரு பங்குக்கு மேல் பலம் குறையும். இடவப்பாதியிலும் (தென்மேற்குப் பருவமழை) துலா மழையிலும் (வடகிழக்குப் பருவமழை) வேலை செய்கிற நமக்கு அந்தக் குறைவு வருடத்தில் பாதி நாளுக்குச் சேர்ந்தே வரும். பாலியெஸ்டர் நனைந்தாலும் தளராது, நீட்சி குறைவு. பெரிய தடிக்கு எனக்கு நைலான்மேல்தான் நம்பிக்கை.

வெளிநாட்டு மரவேலைக்காரர்கள் உள்ளே குழல்போல வெறுமையாகப் பின்னிய 12 இழைக் கயிற்றில் செய்யும் சாமான்களும் இப்போது இங்கே தெரியவருகின்றன. அதில் பிரி கோர்ப்பது கிடையாது. நுனியை மெலியவெட்டிக் குழலுக்குள் நீளமாகப் புதைத்துவிடுவார்கள், இழுக்கும்போது வெளிக்குழல் சுருங்கி உள்ளிருப்பதைக் கவ்வும். அதனால் நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் வளையம்கூடச் செய்ய முடியும். வழுக்கலான உயர்பல இழை என்றால் புதைக்கும் நீளம் கயிற்றின் விட்டத்தைப்போல 72 மடங்கு வரை வேண்டும். 10 மில்லிக்கு 72 சென்டிமீட்டர். ஒரு சாண் புதைத்துவிட்டுப் பாரம் ஏற்றினால் உருவிக்கொண்டு வரும்.

இதுவரை சொன்ன பின்னல் எல்லாம் மரத்தை இறக்கும் கயிற்றுக்கு. ஆள் தொங்கும் கயிறு வேறு. பனையேறிகள் திளாப்பு என்ற கால்வளையத்தை மாட்டுமுன் ஒவ்வொரு நாளும் கையால் இழுத்துப் பார்ப்பதை எங்கள் தாத்தா காலத்திலிருந்து பார்த்திருக்கிறேன். அமெரிக்க மரவேலைப் பாதுகாப்பு விதிகளில் ஏறுகயிறு பொதுவாக அரை அங்குல விட்டத்துக்குக் குறையக் கூடாது, 24 கிலோநியூட்டனுக்கு முன் அறவும் கூடாது என்று இருக்கிறது. கிலோவில் சொன்னால் ஏறக்குறைய 2450. எங்கள் ஏறுகிறவர் நான் பின்னிய எதிலும் தொங்குவதில்லை. தொழிற்சாலையில் பின்னிச் சோதித்த முத்திரையோடு வருவதில்தான் தொங்குகிறார். அதை நானே வற்புறுத்தினேன்.

மாலையில் கயிற்றைச் சுருட்டும்போது முழு நீளத்தையும் விரல்களுக்கிடையே ஓடவிடுவது இப்போது என் பழக்கம். பிலாப் பால் ஒட்டிய இடத்தில் மண்ணெண்ணெய் போடாமல் தேங்காய் எண்ணெயும் சோப்பும் போட்டுக் கழுவுகிறேன். ஒரு பிரி மெலிந்திருந்தால், எங்காவது கண்ணாடிபோல இறுகியிருந்தால், முறுக்கைத் திறந்து உள்ளே பார்க்கிறேன். உள்ளே பொடி உதிர்ந்தால் மணல் போய் அறுத்திருக்கிறது என்று அர்த்தம். அந்தக் கயிற்றை அப்படியே மூலையில் போட்டால் மறுநாள் யாராவது எடுத்து வேலைக்குக் கொண்டு வந்துவிடுவார்கள். அதனால் அரிவாளை எடுத்து இரண்டு முழத் துண்டுகளாக நறுக்கிவிடுகிறேன். போன மாதம் அப்படி நறுக்கிய துண்டுகளைப் பெரியவரிடம் கொண்டு போனேன். அவர் ஒரு துண்டின் கண்ணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் பின்னியது, ஆறு சுற்று. பிரி தேய்ந்திருந்தது, பின்னல் அசையவில்லை. மூன்றாவது பிரி எந்தப் பக்கம் போயிருக்கிறது என்று நகத்தால் தொட்டுப் பார்த்துவிட்டு, பேரனைக் கூப்பிட்டு, அந்தத் துண்டை அவன் கையில் கொடுத்தார், அவிழ்த்துப் பார்த்துப் படிக்க.